டம்டம்மில் அச்சான தட்டுகள்

ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திறந்தவெளித் திடல்களையும் பல்லாயிரவர் திரண்ட விழாக்களையும் முன்வைத்தே அதை எழுதுகின்றனர். ஓர் இசைக்குழு உருவாவது அத்தகைய இடங்களில் அன்று. நூறு பேர் நுழைந்தால் மூச்சுமுட்டும் அறையில், தட்டும் கரண்டியும் ஒலிக்க, பாடுபவரை ஏறிட்டும் பாராத கூட்டத்தின் முன்னிலையில்தான் அது உருவாகிறது. அயல்நாட்டில் அத்தகைய அறை கிடைத்தால் பயிற்சி இன்னும் கடுமையானது. அங்கே பாடகருக்கு உறவினர் இல்லை, ஊர்ப்பற்று இல்லை, மொழியும் கைகொடுப்பதில்லை. முதல் பாட்டின் முடிவிலேயே தீர்ப்பு வந்துவிடும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஹாம்பர்க். 1960 ஆகஸ்ட் மாதம் லிவர்பூலிலிருந்து ஐந்து இளைஞர்கள் அந்த ஜெர்மானியத் துறைமுக நகருக்குச் சென்றனர். இந்திரா என்னும் சிறிய கிளப்பில் அவர்களுக்கு வேலை. வார நாட்களில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். தங்கியது ஒரு பழைய திரையரங்கின் பின்புறத்துச் சரக்கறையில். பதினெட்டு வயது நிரம்பாத ஜார்ஜ் ஹாரிசனை நவம்பரில் அந்நாட்டு அதிகாரிகள் திருப்பி அனுப்பினர். மற்றவர்களும் விரைவில் ஊர் திரும்ப நேர்ந்தது. ஆயினும் 1962 முடிவதற்குள் ஐந்து முறை அக்குழு ஹாம்பர்க் சென்று வந்தது. அவர்கள் அங்கே பாடியவற்றில் மிகுதியும் பிறர் பாடல்கள். அமெரிக்கத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவை. நாள்தோறும் பல மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் ஒரே பாட்டைப் பலவிதமாக நீட்டவும் குறுக்கவும் கற்றனர். பீட்டில்ஸ் என்று உலகம் பின்னர் அறிந்த குழுவின் பட்டறை அதுவே.

அதே காலத்தில் அதே வகைப் பட்டறை ஒன்று கல்கத்தாவில் இயங்கிக்கொண்டிருந்தது. சௌரங்கியிலிருந்து கிழக்கே பிரியும் பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸ், மொகாம்போ, மூலான் ரூஜ், புளூ ஃபாக்ஸ் என வரிசையாக உணவகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மேடை; மேடையில் ஒரு குழு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் தேநீர்க் கடையாகத் தொடங்கிய ட்ரிங்காஸ், 1959இல் ஓம் பிரகாஷ் பூரி, எல்லிஸ் ஜோஷுவா ஆகிய இருவர் கைக்கு மாறியபின் இசைக்கென்றே பெயர்பெற்றது. ஆங்கிலோ-இந்தியர், கோவாக்காரர், பார்சி, வங்காளி, நேபாளி, தென்னாட்டார் எனப் பலரும் அம்மேடைகளில் தோளோடு தோள் நின்றனர். மாலையில் ஜாஸ், இரவு ஏறினால் ராக் அண்ட் ரோல், விடுமுறையில் இளைஞருக்கான ஜாம் செஷன்.

இந்தப் பட்டறை திடீரென முளைத்ததும் அன்று. அதற்கு முந்தைய தலைமுறையில் கல்கத்தாவே வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு ஒரு சுற்றுப்பயண ஊராக இருந்தது. சிகாகோவில் பெயர்பெற்ற கறுப்பின பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு ஷாங்காய், பம்பாய் வழியாகக் கல்கத்தாவை அடைந்து, சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் இந்நகரில் குவிந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அவர் வாசிப்பைக் கேட்டுத் தம் ஊரை நினைத்துக்கொண்டனர். 1945 ஏப்ரலில் காலரா கண்டு, நாற்பத்தோராம் வயதில், அவர் கல்கத்தாவிலேயே இறந்தார். அயல்நாட்டுச் சிறு மேடை ஒரு கலைஞனிடம் எவ்வளவு கேட்கும் என்பதற்கு இந்நகரிலேயே அப்படியொரு சான்று உண்டு. அவரைப் போன்றோரிடம் உடன்வாசித்துக் கற்ற உள்ளூர்க்காரர்கள் வழியே அத்தொழிலின் நுணுக்கம் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஹாம்பர்க்கும் பார்க் ஸ்ட்ரீட்டும் இவ்வாறு ஒரே வகைப் பள்ளிகள். இரண்டிலும் மணிக்கணக்கில் உழைப்பு. இரண்டிலும் பிறர் பாடலே பாடத்திட்டம். வேறுபாடு பள்ளியின் உள்ளே இல்லை. வெளியேறும் வாசலில் இருந்தது.

அந்த வாசலின் பெயரை அறிந்தால் கதை மேலும் கசக்கும். லிவர்பூல் இளைஞர்களை 1962இல் ஏற்றுக்கொண்டது இ.எம்.ஐ. நிறுவனம். அதே இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான கிராமஃபோன் கம்பெனி தன் தொழிற்சாலையைக் கல்கத்தாவின் வடபகுதியான டம்டம்மில் வைத்திருந்தது. தட்டு அச்சிடும் தொழில் இந்நகரில் 1908இலேயே சியால்டாவில் தொடங்கி, 1920களின் இறுதியில் டம்டம்முக்கு இடம்பெயர்ந்திருந்தது. பீட்டில்ஸின் இந்தியப் பதிப்புகள் அச்சானதும் டம்டம்மில்தான். பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து அத்தொழிற்சாலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. அங்கே அச்சாகி வந்த தட்டைக் கேட்டு இங்கே ஒருவர் கிட்டார் பழகினார்; அன்றிரவே மேடையில் அதை வாசித்தார். தட்டு தெற்கு நோக்கி வந்தது. வாசித்தவர் வடக்கு நோக்கிப் போய்த் தம் குரலைத் தட்டாக்கி வருவது மட்டும் அரிதாக இருந்தது.

இதற்கு நிறுவனத்தின் கெடுமதியைக் காரணம் கூறுவது எளிது. கணக்கு அதைவிட எளிது. லண்டனிலிருந்து வந்த மூல அச்சைக் கொண்டு தட்டு எடுக்க ஒலிப்பதிவுச் செலவே கிடையாது. திரைப்பாடலும் ரவீந்திர சங்கீதமும் விற்ற அளவுக்கு ஆங்கிலப் பாட்டு இந்நாட்டில் விற்காது. விற்கும் அந்தச் சிறு பங்குக்கும் அசலே கையில் இருக்கையில், உள்ளூர்க் குழுவுக்கு யார் செலவழிப்பர்? சில குறுந்தட்டுகள் வெளிவரவே செய்தன. ஆனால் ஒரு குழுவைத் தொடர்ந்து வளர்த்து, அடுத்த ஊருக்கும் அடுத்த நாட்டுக்கும் அனுப்பும் ஏற்பாடு எதுவும் அவற்றின் பின்னே இல்லை.

தனியே புறப்படலாம் என்றாலும் வழி அடைத்திருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் வெளிநாடு செல்பவர் கையில் எட்டு டாலருக்கு மேல் கொண்டு செல்ல இயலாத காலம் அது. வெளிநாட்டுக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இறக்குமதித் தடையும் கடுஞ்சுங்கமும் இருந்தன. கல்கத்தாவிலேயே செய்யப்பட்ட கிட்டார்களும், வானொலி பழுதுபார்ப்போர் கைத்திறனில் உருவான ஒலிபெருக்கிகளுமே பலருக்குத் துணை. அப்படிப்பட்ட கருவிகளோடு ஓர் ஐவர் குழு ஹாம்பர்க்குக்கோ லண்டனுக்கோ சென்று, கிளப் உரிமையாளர் கதவைத் தட்டும் காட்சியைக் கற்பனை செய்வதும் கடினம்.

1970, 1971 ஆம் ஆண்டுகளில் ஒரு சிகரெட் விளம்பரத்துக்காக நடத்தப்பட்ட சிம்லா பீட் போட்டி இக்குழுக்களில் சிலவற்றை இசைத்தட்டில் ஏற்றியது. கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஷில்லாங் என நாடெங்குமிருந்து குழுக்கள் அதில் பங்கேற்றன. விளம்பரத்தோடு அவையும் மறக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அத்தட்டுகளைத் தேடி வாங்கலாயினர். அவை அங்கே மறுபதிப்பும் கண்டன. வாசித்தவர்கள் போக இயலாத நாடுகளுக்கு அவர்களுடைய ஒலி, அவர்கள் முதுமை எய்தியபின் போய்ச் சேர்ந்தது. இதே நகரில் கிரேட் பேர், ஹை ஆகிய குழுக்களை நடத்திய டிலிப் பாலகிருஷ்ணன் பிறர் பாடலைப் பாடுவதோடு நில்லாமல் ஆங்கிலத்தில் சொந்தப் பாடல்களும் எழுதியவர். அப்பாடல்கள் இன்று நிலைத்திருப்பது பெரும்பாலும் நண்பர்களின் நினைவிலும் எஞ்சிய ஒலிப்பதிவுகளிலும்தான்.

ஆயினும் கல்கத்தாவிலிருந்து எவருமே போகவில்லை என்று கூற முடியாது. போனவர்கள் யார் என்பதில்தான் வியப்பு.

1967இல் பாப் டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனின் முயற்சியால் வங்கத்திலிருந்து ஒரு குழு அமெரிக்கா சென்றது. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஏக்தாரா, தோதாரா, கமக், காலில் சலங்கை. பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த பூர்ண தாஸ் பாவுலும் அவருடைய குழுவினருமே அவர்கள். அவருடைய தந்தை நவனி தாஸை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் வங்கத்தில் சந்தித்திருந்தார். பாவுல்களுக்குச் சிறு அரங்கு புதிதன்று. மகர சங்கராந்தியில் அஜய் ஆற்றங்கரையில் கூடும் கெந்துலித் திருவிழாவின் கூடாரங்களும், ஊர் முற்றங்களும், ஓடும் இரயிலின் பெட்டிகளும் அவர்கள் மேடைகள். பயணி முகம் சுளிப்பதற்குள் அவன் மனத்தைப் பிடித்துவிடும் கலையில் அவர்களைவிடத் தேர்ந்தவர் எவர்?

உட்ஸ்டாக் பகுதியில் கிராஸ்மனின் விருந்தினராக அவர்கள் தங்கினர். அருகில் பிக் பிங்க் எனப்பட்ட இளஞ்சிவப்பு வீட்டின் நிலவறையில்தான் டிலனும் பிற்காலத்தில் தி பேண்ட் எனப் பெயர்பெற்ற குழுவினரும் அவ்வாண்டு நாள்தோறும் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தனர். அந்நிலவறையில் பாவுல்களும் பாடினர். பேண்ட் குழுவின் கார்த் ஹட்சன் அதைப் பதிவு செய்தார். அது பின்னர் தனித் தட்டாகவும் வந்தது. 1967 டிசம்பர் இறுதியில் வெளியான டிலனின் ஜான் வெஸ்லி ஹார்டிங் தட்டின் அட்டையில், டிலனின் இருபுறமும் நிற்பவர் பூர்ண தாஸும் லட்சுமண் தாஸும். உலகெங்கும் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு அப்படம் போயிற்று. முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் யாரென்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். கிராஸ்மனின் மனைவி சாலி பிற்காலத்தில் பாவுல் இசைக்கெனத் தனி ஆவணக்காப்பகமே அமைத்தார் என்பது ஓரளவு கைம்மாறு.

இரண்டாவதாகச் சென்றவர் தமிழர். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா, 1960களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில் சபையர் திரையரங்க வளாகத்திலிருந்த நைன் ஜெம்ஸ் என்னும் சிறிய இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். பளபளக்கும் மேல்நாட்டு உடைதான் இரவு விடுதிப் பாடகிக்கு இலக்கணம் என்றிருந்த காலத்தில் அவர் புடவையோடு மேடை ஏறினார். பாட்டு பிடித்துப்போன உரிமையாளர் ஒரு வாரம் தொடர்ந்து பாடச் சொன்னார். அங்கிருந்து பம்பாயின் டாக் ஆஃப் தி டவுன்; 1969இல் கல்கத்தாவின் ட்ரிங்காஸ். உஷா உத்தூப் என்று நாடு அவரை அறிந்தது அதன் பின்னர்தான். தமிழ் இரசிகர்களுக்கு அவரை நினைவூட்ட 1975இல் வந்த மேல்நாட்டு மருமகள் படம் ஒன்றே போதும்.

1970களில் அவர் கென்யாவுக்குப் பலமுறை சென்று பாடினார். நைரோபியில் ஃபெலினி ஃபைவ் என்னும் உள்ளூர்க் குழுவோடு இணைந்து மேடையேறினார். அந்நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு உஷா இன் நைரோபி என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. ஆங்கிலப் பாடல்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஸ்வாஹிலி மொழியைப் பழகி அம்மொழியிலேயே பாடினார். கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் போற்றப்படும் மலைக்கா என்னும் பாடலை, அதை முதன்முதலில் தட்டில் பாடிய ஃபதிலி வில்லியமோடு சேர்ந்தே பாடினார். கென்ய அரசு அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. நைரோபிக்கு நல்ல ஆங்கிலப் பாடகியர் புதிதல்லர். நெற்றியில் பெரிய பொட்டும் காஞ்சிப் பட்டுமாக வந்த ஒரு பெண் தங்கள் மொழியில் தங்கள் பாட்டைப் பாடியதுதான் அவர்களுக்குப் புதிது.

இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. லண்டனையும் லிவர்பூலையும் பிசகின்றி வாசிக்கக் கற்ற கல்கத்தாக் குழுக்களை லண்டனும் லிவர்பூலும் அழைக்கவில்லை. அவர்கள் கொண்டுசெல்லக்கூடிய சரக்கு அங்கே முன்பே குவிந்திருந்தது. மேல்நாட்டிடம் கற்றுக்கொள்ள முயலாத பாவுல்கள் அழைக்கப்பட்டனர். சென்ற ஊரின் மொழிக்குத் தன் நாவை வளைத்த உஷா கொண்டாடப்பட்டார்.

இதிலிருந்து, தன் மண்ணின் இசையைப் பாடியவனே பிழைத்தான், அயலாரைப் பின்பற்றியவன் அழிந்தான் என்று நீதி சொல்லிவிடும் ஆவல் எழும். அந்நீதி நியாயமானதன்று. லிவர்பூல் இளைஞர்களும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாடல்களைப் பின்பற்றியே தொடங்கினர். பின்பற்றுதல் எல்லாப் பட்டறைகளிலும் முதற்படி. அவர்களுக்கு இரண்டாம் படி ஏற நேரமும் ஒலிப்பதிவுக் கூடமும் அடுத்த ஊர் மேடையும் கிடைத்தன. பார்க் ஸ்ட்ரீட்டாருக்கு முதற்படியிலேயே ஆயுள் கழிந்தது. ஒருவர் சொந்தப் பாடல் எழுதினாலும், உணவருந்த வந்தவர் கேட்டது தட்டில் கேட்டுப் பழகிய பாடலைத்தான்.

பின்னர் அம்மேடைகளே மங்கின. 1970களில் நக்சலைட் எழுச்சியும் அதை ஒடுக்கிய வன்முறையும் இரவு நடமாட்டத்தைக் குறைத்தன. மின்வெட்டு நகரத்தின் அன்றாட வழக்கமாயிற்று. நேரடி இசைக்கு விதிக்கப்பட்ட கேளிக்கை வரியைத் தாங்காத உணவகங்கள் குழுக்களை நிறுத்தின. மேல்நாட்டு இசை அபசம்ஸ்கிருதி, அதாவது சீரழிந்த பண்பாடு, என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 1980களில் மாநில அமைச்சர் ஒருவர் அச்சொல்லைக் கூறி உஷா உத்தூப்பின் நிகழ்ச்சியை அரசு அரங்கில் தடுத்தபோது, அவர் நீதிமன்றம் சென்று வென்றார். வழக்காட வலுவற்ற வாத்தியக்காரர் பலர் பம்பாயின் திரையிசைக் கூடங்களுக்குப் போயினர். ஆங்கிலோ-இந்தியர் பலர் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து நோக்கிக் கப்பலும் விமானமும் ஏறினர். சுற்றுப்பயணமாகப் போக விரும்பிய நாடுகளுக்கு அவர்கள் குடியேறிகளாகச் சென்றனர். திரும்பி வரும் பயணச்சீட்டு அதில் இல்லை.

இரண்டாம் படிக்கு வழி கண்டவர் அப்பட்டறையிலிருந்தே வந்தார். பார்க் ஸ்ட்ரீட் விடுதிகளில் தி அர்ஜ் என்னும் குழுவில் மேல்நாட்டு இசை வாசித்த கௌதம் சட்டோபாத்யாய், நக்சலைட் இயக்கத் தொடர்பால் சிறைவாசமும் கண்டபின், 1975இல் மொஹீனேர் கோராகுலி என்னும் குழுவைத் தொடங்கினார். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர் அது. மொஹீனின் குதிரைகள் என்று பொருள். கிட்டாரோடும் வயலினோடும் பாவுல் மெட்டையும் சேர்த்து வங்க மொழியில் அவர்கள் பாடினர். உட்ஸ்டாக் நிலவறையில் விருந்தாளியாக இருந்த பாவுல் இசை, கல்கத்தாவின் சொந்த ராக் இசைக்குள் வீட்டாளாக நுழைந்தது. 1977 முதல் 1979 வரை மூன்று தட்டுகள் வந்தன, பெரிதாக விற்கவில்லை. வங்கமொழிக் குழுக்கள் 1990களில் பெருகியபோதுதான் அவர்களை முன்னோடிகளாக நகரம் உணர்ந்தது.

அப்புதிய குழுக்களுக்கு வெளிநாட்டு வாசலைத் திறந்தவர்கள் புலம்பெயர்ந்த வங்காளியர். 1980களிலிருந்து வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் வங்கச் சம்மேளனம் போன்ற மேடைகளுக்குக் கல்கத்தாக் கலைஞர்கள் சென்றுவரலாயினர். டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் தமிழ் மெல்லிசைக் குழுக்களை அறிந்தவர்க்கு இவ்வேற்பாடு பழக்கமானதே. அது பிழைப்பைத் தரும், பரிவையும் தரும். அங்கே கேட்பவர் ஊரை நினைத்துக் கேட்கிறார்; ஆகவே குறையைப் பொறுத்துக்கொள்கிறார். அந்நியர் நிறைந்த சிறு அறையின் ஈவிரக்கமற்ற தீர்ப்பு அதில் கிடைப்பதில்லை.

அந்தத் தீர்ப்பைத் தேடிப் போவோர் இந்நூற்றாண்டில் மீண்டும் தோன்றியுள்ளனர். 2001இல் கொல்கத்தா எனப் பெயர் மாறிய நகரின் இளைஞர் இருவர் அமைத்த பாரேக் அண்ட் சிங்கின் ஓஷன் தொகுப்பை, 2016இல் லண்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் வெளியிட்டது; அவர்களை அயலார் முதலில் அறிந்தது இணையத்தில் பரவிய காணொளி வழியாக. பெங்களூரின் கிரிப்டோஸ் குழு ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் துணையோடு அந்நாட்டு கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்து வருகிறது. ஒரு வேனில் கருவிகளோடு உறங்கி, வாயிற்கட்டணத்தில் பங்கும் மேசை மேல் விற்கும் பனியனின் வருவாயும் கொண்டு எரிபொருளுக்கும் விசாக் கட்டணத்துக்கும் ஈடுசெய்யும் வாழ்க்கை இத்தகைய பயணங்களுடையது. பெருமை கொள்ளத்தக்க வறுமை என்று அதை அழகுபடுத்த வேண்டியதில்லை. எட்டு டாலர் காலத்தில் அந்த வறுமைக்கும் வாய்ப்பில்லாமல் இருந்தது என்பதே அதன் மதிப்பு.

இன்றும் ட்ரிங்காஸில் மாலை நேரத்தில் குழு ஒன்று வாசிக்கிறது. டம்டம் தட்டுத் தொழிற்சாலையின் காலம் முடிந்துவிட்டது. அங்கே அச்சான பீட்டில்ஸ் தட்டுகளைப் பழைய பொருட்கடைகளில் இன்னும் தேடினால் காணலாம். அத்தட்டுகளைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், அவற்றுக்குக் குறையாத தேர்ச்சியோடு, ஆயிரக்கணக்கான இரவுகள் வாசித்தவர்களின் ஒலியைத் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். கலைஞர் பயிலச் சிறு மேடைகளை அளித்த நகரம், அவர்கள் ஓரிரவு வாசித்ததையேனும் சேமித்து வைக்க ஒரு பெட்டியை அளிக்கத் தவறிற்று. இசைக்குழுக்களின் வரலாற்றை ஆராய்வோர் எவர் புகழ்பெற்றார் என்பதோடு, எவர் பதிவு செய்யப்பட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கக் காலம் சிறிதளவே எஞ்சியிருக்கிறது.